காப்புக் கட்டிய கையோடு கடல் தாண்டிய பகல்

இதை எழுதலாமா வேண்டாமா என்ற யோசனையிலேயே எத்தனையோ தைப்பூசம் போய்விட்டது. கோயிலில் கொடி ஏறும்போது இந்த வருஷம் எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். கொடி இறங்கும்போது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். எழுதினால் சிலர் இதை அற்புதம் என்பார்கள், சிலர் விரதம் கெட்ட கதை என்பார்கள் என்ற பயம்தான். இரண்டில் எது என்று எனக்கே தெரியாதபோது என்னத்தை எழுதுவது? போதாததற்கு, நான் படித்ததும் கொஞ்சம். தமிழ் எழுத்து எனக்குக் கோயில் கூடத்தில், கரும்பு வெட்டிவிட்டு வந்த கையோடு, சாயங்கால வகுப்பில் வந்தது. வீட்டில் நாங்கள் பேசுவது பிரெஞ்சு கலந்த கிரியோல்தான், நடுநடுவே தமிழ் வரும். அந்தப் பேச்சையெல்லாம் இங்கே தமிழாக்கிப் போட்டிருக்கிறேன். பேசினவர்களின் தொனியை மட்டும் மாற்றவில்லை.

இந்த வருஷம் சுதந்திரம் வந்து எங்கள் மொரிஷஸ் நாட்டுக்கே கொடி மாறிவிட்டது. இனியும் தள்ளிப்போட மனமில்லை.

பெரிய புயல் வந்து எங்கள் வீட்டுத் தகரத்தைத் தூக்கிக்கொண்டுபோய் வயலில் போட்டதே, அதற்கு முந்திய தைப்பூசம். வடக்கே ட்ரியோலே ஊரில் எனக்குக் கொஞ்சம் கரும்பும் ஒரு காய்கறித் தோட்டமும் உண்டு. என் கூடப்பிறந்தவள் தங்கை ஒருத்திதான். அவள் பக்கத்துத் தீவான ரெயூனியனில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அங்கேயும் நம்மவர்கள் உண்டு, நம் சாமிகளும் உண்டு. ஆனால் அது பிரெஞ்சுக்காரர் தீவு, இது அப்போது இங்கிலீஷ்காரர் தீவு. அவள் கல்யாணத்துக்குக் கப்பலில் போனேன். சாயங்காலம் ஏறி, ராத்திரி முழுக்க வாந்தியெடுத்து, விடிந்தபின் இறங்கினேன். தங்கை வீடு என்றாலே எனக்கு ஒரு ராத்திரி தூரம் என்றுதான் மனசில் பதிந்திருந்தது.

அவளுக்கு வயிற்றில் கட்டி என்று மாதக்கணக்காகச் செய்தி வந்துகொண்டிருந்தது. அவள் குணமாக வேண்டுமென்று அந்த வருஷம் காவடி நேர்ந்துகொண்டேன். கொடி ஏறிய அன்று பூசாரி என் மணிக்கட்டில் மஞ்சள் துண்டு வைத்த காப்பைக் கட்டினார். அதிலிருந்து பூசம் வரைக்கும் ஒருவேளைச் சாப்பாடு, தனிப் பாத்திரம், பாயில் படுக்கை, காலில் செருப்பு கிடையாது. இன்னொன்றும் உண்டு. காப்புக் கட்டியவன் பகலில் எங்கே போனாலும் ராத்திரி ஊர் எல்லைக்குள் வந்து படுக்க வேண்டும். வெளியே படுத்தால் காப்பு முறிந்த மாதிரி. யாருக்காக நேர்ந்தோமோ அவர்களுக்கு அந்த விரதம் போய்ச் சேராது என்பது எங்கள் ஊர் வழக்கம்.

காப்புக் கட்டி நாலைந்து நாள் ஆகியிருக்கும், தங்கை புருஷனிடமிருந்து தந்தி வந்தது. நாளை மறுநாள் வயிற்றைக் கீறப்போகிறார்கள், அதற்குமுன் அண்ணனைப் பார்க்க வேண்டும் என்கிறாள், வா.

அடுத்த பஸ்ஸிலேயே தலைநகரான போர்ட் லூயிஸுக்குப் போனேன். கப்பல் எதுவும் இல்லை. விமானச் சீட்டு விற்கிற ஆபீசில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் மஞ்சள் வேட்டியையும் வெறுங்காலையும் பார்த்துவிட்டு, பரிவாகத்தான் பேசினாள். நாளைக் காலையில் ஒரு விமானம் போகிறது, அதே விமானம் சாயங்காலம் திரும்புகிறது என்றாள்.

"போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும், மாம்செல்?"

"காத்தைப் பொறுத்து. முக்கால் மணி, ஐம்பது நிமிஷம். ஒரு மணி ஆகாது."

"எவ்வளவு தூரம்?"

அவள் சுவரில் மாட்டியிருந்த படத்தில் ஒரு தீவில் கட்டைவிரலையும் அடுத்த தீவில் சுண்டுவிரலையும் வைத்துக் காட்டினாள். "நூத்தி நாப்பது மைல் சொச்சம்."

நான் காலையில் ட்ரியோலேயிலிருந்து வந்த பஸ்ஸும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான் எடுத்திருந்தது. அது பத்துப் பன்னிரண்டு மைலுக்குள் இருக்கும். எனக்குத் தலை சுற்றியது. சீட்டைப் பதிந்துவிட்டு வந்தேன். பணத்தை எப்படியோ புரட்டினோம், அது இங்கே வேண்டாம்.

சாயங்காலம் கோயிலில் விஷயத்தைச் சொன்னேன். பூசாரி, கோயில் தலைவர், என் மனைவி, அவளுடைய அண்ணன் எல்லோரும் இருந்தார்கள். மச்சான் துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை ஏற்றுகிறவர். கப்பல் விஷயத்தில் அவரை யாரும் மறுத்துப் பேச முடியாது.

"மூட்டை தூக்குறவன் சொல்றேன், கேளு மச்சான்" என்றார். "இங்க சாயங்காலம் கிளம்புற கப்பல் அங்க விடிஞ்சுதான் சேரும். அதைப் போய் ஒரு பொண்ணு ஒரு மணி நேரம்னு சொன்னாளாம், இவரும் தலையாட்டிட்டு வந்துட்டாராம்!"

"கப்பல் இல்ல மச்சான், அவியோன்ல." கிரியோலில் விமானத்துக்கு அதுதான் பேர்.

"எதுல போனா என்ன? கடல் அதே கடல்தானே? உனக்காகச் சுருங்கிக் குடுக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டதில் ஏதோ நியாயம் இருப்பதுபோல் பட்டது. கடல் அதே கடல், தங்கை இருக்கிற இடம் அதே இடம். நேற்றுவரை ஒரு ராத்திரி தூரத்தில் இருந்தவள் இன்று பஸ் தூரத்தில் இருக்கிறாள் என்றால், மாறினது எது?

பூசாரி யோசித்துச் சொன்னார்: "நம்ம அப்பன் காலத்துல காப்போடவே கரும்பு வெட்டப் போனாங்க. எந்த எஸ்டேட்டுக்கு அனுப்பினாலும் போய்த்தான் ஆகணும். ஆனா ராத்திரி திரும்பிடுவாங்க. வழக்கம் அதுக்குத்தான். பகல்ல போய்ப் பகல்ல வரமுடியும்னா போகலாம்."

"எஸ்டேட்டுக்குப் போறதும் கடல் தாண்டிப் போறதும் ஒண்ணா, ஐயரே?" என்றார் தலைவர். அவர் கண்டிப்பானவர். "அவன் திரும்பலைன்னா?"

"நேரத்துக்குத் திரும்பினா கேள்வியே இல்ல. திரும்பலைன்னா அப்ப பார்ப்போம்."

மச்சான் விடவில்லை. "முருகன் மயில்ல உலகத்தையே சுத்தினாரே, எவ்வளவு நேரம் எடுத்தாராம்? அதையும் அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டுட்டு வந்திருக்கலாம்ல?"

என் மனைவி குறுக்கிட்டாள். "அந்தப் பந்தயத்துலயும் ஜெயிச்சது உக்காந்த இடத்துல இருந்தவருதான்" என்றாள். போகச் சொல்கிறாளா, இருக்கச் சொல்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டேன். "தங்கச்சி கூப்பிட்டா. போகாம என்ன செய்வீங்க? ஆனா ராத்திரிக்குப் பாயை விரிச்சு வெச்சிருப்பேன், வந்துடுங்க" என்றாள்.

மறுநாள் இருட்டோடு முதல் பஸ் பிடித்தேன். போர்ட் லூயிஸில் ஒரு பஸ் மாறினேன். காத்ர் போர்ன் தாண்டும்போது மலையில் இருக்கிற முருகன் கோயில் பக்கம் கும்பிட்டேன். கியூர்பிப்பில் தூறலில் நனைந்துகொண்டு இன்னொரு பஸ். அங்கிருந்து கரும்பு வயல்களுக்கு நடுவே இறங்கி இறங்கி பிளேசான்ஸ் விமானத் திடல். சின்னத் தீவு என்கிறார்கள், வடக்கிலிருந்து தெற்குக்கு வருவதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போனது. திடலில் சீட்டைக் கிழித்த குமாஸ்தாவிடம் இதைச் சொன்னேன். "நம்ம தீவைத் தாண்டவே மூணு பஸ்ஸாச்சு. கடலைத் தாண்ட ஒரு மணி நேரம்கூட ஆகாதாமே, எப்படி?"

"மேல யாரும் கை காட்டி நிறுத்தமாட்டாங்க, மிஸ்யே" என்றான் அவன். அப்புறம் என் காலைப் பார்த்தான். "சப்பாத்து?"

"விரதம்."

அவன் கிறிஸ்தவன். ஆனால் அவன் பாட்டனும் நம்ம பக்கத்திலிருந்து வந்தவராம். காப்பைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே விட்டான்.

விமானம் கிளம்பியபோது வேலும் மயிலும் துணை என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடினேன். ஆனால் பார்க்கிற ஆசையில் உடனே திறந்துவிட்டேன். அதை இன்னும் மறக்க முடியவில்லை. கீழே கரையோரம் அலை வெள்ளைக் கோடாக நின்றது. ஓடவில்லை, நின்றது. நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன், அது அசையவேயில்லை. கப்பலில் என்னைப் புரட்டி எடுத்த கடல் இதுதானா என்று இருந்தது. ஒரு பெண் காப்பியும் ரொட்டியும் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன். அவள் அந்தத் தட்டோடு எல்லோருக்கும் கொடுத்து முடித்துத் திரும்பி வருவதற்குள், ஜன்னலில் கறுப்பாக ஒரு மலை வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

ரெயூனியனில் திடலின் தார் வெயிலில் காலைச் சுட்டது. தங்கை புருஷன் காத்திருந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

தங்கை கட்டிலில் பாதியாகக் கிடந்தாள். கண் மட்டும் பழையபடி துறுதுறுவென்று இருந்தது. என் காலைத்தான் முதலில் பார்த்தாள்.

"அண்ணா, செருப்பில்லாமலா அவியோன்ல ஏத்துனாங்க?"

"ஏத்துனாங்களே."

"காசு மிச்சம் பிடிக்கிறான்னு நினைச்சிருப்பாங்க." சிரித்தாள், சிரித்ததில் வலித்து முகத்தைச் சுளித்தாள். "எப்பக் கிளம்பினே?"

"காலையில."

"இன்னிக்குக் காலையிலயா? அண்ணியைப் பார்த்துட்டு, அங்கிருந்து இன்னிக்கே இங்கயா?" அவளுக்கும் நம்ப முடியவில்லை. கல்யாணமாகி வந்தபின் அவள் ஒருமுறைகூட ஊருக்கு வரவில்லை. தூரம் தூரம் என்று அழுததெல்லாம் எதற்கு என்பதுபோல் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விபூதி பூசிவிட்டேன். கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில்தான் காப்பு.

"நாளைக்கு நீ வாசல்ல நிப்பியா?"

"ராத்திரி நம்ம ஊர்ல படுக்கணும்மா. உனக்காக நேர்ந்தது. வெளியில படுத்தா உனக்குச் சேராதுன்னு..."

"சரி, போ" என்றாள். கோபமில்லை. முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சாயங்கால விமானத்தில் ஏறினேன். ஏறின கொஞ்ச நேரத்திலேயே மேகம் வந்து ஜன்னலை அடைத்தது. காலையில் வந்த நேரம் ஆகியிருக்கும், இறங்கப்போகிறோம் என்று நினைத்தேன். விமானம் சாய்ந்து சுற்றியது. மறுபடி சுற்றியது. எங்கே பார்த்தாலும் வெள்ளை. காலையில் தட்டு கொண்டுவந்த அதே பெண் பக்கத்து இருக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இப்ப நாம மொரிஷஸ் மேலதானே இருக்கோம்?" என்று கேட்டேன்.

"ஆமாம் மிஸ்யே, மேலதான். கீழ தரை தெரியல."

எங்கோ அந்த வெள்ளைக்கு அடியில் என் மனைவி பாய் விரித்து வைத்திருக்கிறாள். நான் அதற்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறேன். பிறகு விமானி பிரெஞ்சில் ஏதோ சொன்னார். பிளேசான்ஸில் கடும் மழை, இறங்க முடியாது, திரும்புகிறோம் என்று அர்த்தம். திடலுக்கும் திடலுக்கும் உள்ள தூரம் காலையில் எவ்வளவோ அவ்வளவேதான். அப்போது அது எனக்கு முடிவேயில்லாததாகத் தெரிந்தது.

ரெயூனியனில் இறங்கியபோது ஆஸ்பத்திரியில் பார்க்கிற நேரம் முடிந்திருந்தது. காப்புக் கையோடு தங்கை வீட்டில் படுக்க மனமில்லாமல், விசாரித்துக்கொண்டு அங்கே ஒரு கோயிலுக்குப் போனேன். அங்கேயும் தைப்பூசக் கொடி ஏறியிருந்தது. கையில் காப்போடு ஏழெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ்ப் பேச்சு வராது, மந்திரம் மட்டும் வரும். என் கையைப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்காமல் நகர்ந்து ஒரு பாயைத் தள்ளிவிட்டார்கள். அழுதேனா தூங்கினேனா தெரியாது.

காலையில் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். தங்கையைத் தள்ளு கட்டிலில் வைத்து அழைத்துப் போனார்கள். என்னைப் பார்த்ததும் தலையைத் தூக்கினாள்.

"நீ போகலையா?"

"போனேன். ஊர் மேல வரைக்கும் போய்த் திரும்பி வந்துட்டேன்."

"பொய் சொல்றே!"

"சாமி சத்தியமா."

சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். கதவு சாத்திய பிறகும் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டமாதிரி இருந்தது. மத்தியானம் டாக்டர் வந்து, கட்டியை எடுத்தாயிற்று, இரண்டு மூன்று நாள் போனால்தான் எதுவும் சொல்லலாம் என்றார். சாயங்காலம் வானம் வெளுத்திருந்தது. விமானம் முக்கால் மணியில் என்னைப் பிளேசான்ஸில் கொண்டுவந்து விட்டது, ஒன்றுமே நடக்காததுபோல.

ஊரில் எல்லோரும் கோயிலில் காத்திருந்தார்கள்.

"ராத்திரி எங்க படுத்தே?" என்றார் தலைவர். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப காப்பு முறிஞ்சது. காவடி எடுக்கக்கூடாது."

இங்கேதான் மச்சான் எனக்காகப் பேசினார். நான் எதிர்பார்க்கவில்லை. "அதெப்படி? பொழுது சாயறப்ப அவன் நம்ம தீவு மேல இருந்திருக்கான். எல்லைக்குள்ள வந்துட்டான்தானே?"

"மேல இருந்தா உள்ள இருந்ததா அர்த்தமா?"

"ஊர் எல்லை எவ்வளவு உசரத்துக்குப் போகுதுன்னு சொல்லுங்க, நான் ஒத்துக்கறேன்."

"நம்ம ஊர் மேலயே இருந்தியா?" என்று தலைவர் என்னைக் கேட்டார்.

"தெரியாதுங்க. வெள்ளையாத்தான் இருந்துச்சு."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும். மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். பூசாரி என் மணிக்கட்டைப் பிடித்துக் காப்பைப் புரட்டிப் பார்த்தார். "நூல் அறுந்துபோகல. நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அவன் எடுக்கட்டும், பால் சொல்லும்" என்றார்.

எங்கள் தீவில் காவடி பார்த்தவர்களுக்கு இது தெரியும். காவடியின் இரண்டு பக்கமும் செம்பில் பால் கட்டித் தொங்கும். எங்கள் பக்கம் தை மாதம் கோடை; அந்த வெயிலில் மணிக்கணக்காக நடந்து கோயிலுக்கு வந்தபிறகும் பால் திரியாமல் இருந்தால் விரதம் சுத்தம், சாமி ஏற்றுக்கொண்டார் என்பது நம்பிக்கை. திரிந்தால் எங்கோ குறை.

பூசத்தன்று காலை என் மனைவி எங்கள் பசுவைக் கறந்தாள். ஒரே பசு, ஒரே கறவை. இரண்டு செம்பையும் அவளே புளி போட்டு விளக்கியிருந்தாள். ஒரே பாத்திரத்திலிருந்து இரண்டிலும் ஊற்றி, வாழை இலையால் வாய் கட்டினாள். தங்கையைப் பற்றி அதுவரை செய்தி இல்லை. தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தபோது கால் சுட்டதெல்லாம் நினைவில்லை. இந்தப் பால் திரிந்தால் அவள் போய்விட்டாள் என்று அர்த்தமா என்பது ஒன்றுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

சந்நிதியில் காவடியை இறக்கினார்கள். ஊரே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. பூசாரி வலப்பக்கத்துச் செம்பை அவிழ்த்துச் சாய்த்தார். பால் பாலாகவே இறங்கியது. அரோகரா என்று சத்தம் கிளம்பி, மச்சான் என் தோளைப் பிடித்து உலுக்கினார். பூசாரி இடப்பக்கத்துச் செம்பை அவிழ்த்தார். கட்டிகட்டியாக விழுந்தது.

தலைவர் ஒன்றைப் பார்த்தார், மற்றொன்றைப் பார்த்தார். பூசாரி செம்பில் மிச்சம் இருந்ததையும் வழித்து ஊற்றிவிட்டு, "ரெண்டும் சாமி மேலதான் விழுந்திருக்கு. போய்ச் சாப்பிடு" என்றார்.

மறுநாள் தந்தி வந்தது. தங்கை கண் விழித்துக் கஞ்சி குடித்தாள்.

ஒரே பசு, ஒரே வெயில், ஒரே தோள். இரண்டு செம்பு இரண்டு விதமாக ஏன் ஆனது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். மனைவியைக் கேட்டால், "ரெண்டையும் ஒரே மாதிரிதான் விளக்கினேன்" என்று சண்டைக்கு வருகிறாள். தங்கை தேறி, அடுத்த வருஷம் விமானத்தில் ஊருக்கு வந்தபோது அவளிடம் சொன்னேன். "போனதுக்கு ஒரு செம்பு, வந்ததுக்கு ஒரு செம்பு" என்றாள். "போறப்ப ஒரு மணி நேரம், வர்றப்ப ஒரு நாள் ஆச்சுல்ல? அதே தூரம்தானே?" விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அதைவிட நல்ல பதில் இதுவரை கிடைக்கவில்லை.

இப்போது பிளேசான்ஸிலிருந்து பம்பாய்க்கே விமானம் போகிறது. எத்தனை மணி நேரம் என்று கேட்டு வைத்திருக்கிறேன், போக மாட்டேன் என்றாலும் தெரிந்துகொள்ள ஆசை.

என் கதை மட்டும் என்னைவிட அதிக தூரம் போய்விட்டது. காத்ர் போர்னில் ஒரு கல்யாணத்தில், நான் யார் என்று தெரியாமல் ஒருவர் என்னிடமே சொன்னார்: முருகன் மயிலில் வந்து விமானத்தைத் திருப்பினாராம், இரண்டு செம்பும் பொங்கி வழிந்ததாம். கியூர்பிப் கடையில் வேறு மாதிரி: கடல் தாண்டின பாவத்துக்கு இரண்டு செம்பும் திரிந்து, தங்கை செத்துப்போனாளாம். இதை அவளிடம் சொன்னபோது சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளை உயிரோடு வைத்திருக்கிற சாமியின் சந்நிதியில் நடந்ததை, ஆளுக்கொரு செம்பாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

அதற்காகத்தான் எழுதினேன். படிக்கிறவர்கள் இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் மயிலைச் சேர்க்காதீர்கள். தங்கையைக் கொல்லாதீர்கள். நான் ஊர் மேல் இருந்தேனா என்று கேட்டால், தெரியாது என்று சொன்னான் என்றே சொல்லுங்கள். வலப்பக்கத்துப் பாலைச் சொன்னால் இடப்பக்கத்துப் பாலையும் சேர்த்துச் சொல்லுங்கள்.